சொற்களுக்கு ஒழுங்கு கண்ட மருத்துவர்: பீட்டர் மார்க் ரோஜே

எழுதுவோர்க்கு நேரும் இடர்களுள் தலையாயது, கருத்து உள்ளத்தில் நிற்க, அதற்குரிய சொல் நாவுக்கு எட்டாமல் நிற்பதாகும். சொல்லைக் கண்டு பொருள் அறியாதவர்க்கு அகராதி உண்டு. பொருளை உணர்ந்து சொல் அறியாதவர்க்கு அகராதி உதவுவதில்லை. எந்த எழுத்தின்கீழ்த் தேடுவது என்பதே அவர்க்குத் தெரியாது. இந்தக் குறையை ஆங்கில மொழியில் பெருமளவு போக்கிய நூல் 1852ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது. கிரேக்க மொழியில் கருவூலம் எனப் பொருள்படும் 'தெசாரஸ்' என்பது அதன் பெயர். அதனை இயற்றியவர் மொழிப் பேராசிரியரோ, கவிஞரோ, இதழாசிரியரோ அல்லர். எழுபத்து மூன்று வயது நிரம்பிய ஒரு மருத்துவர். பீட்டர் மார்க் ரோஜே என்னும் அவருடைய பெயர் இன்று ஆங்கிலத்தில் அவ்வகை நூலுக்கே பெயராகிவிட்டது. ஆனால் அந்நூலுக்குப் பின்னால் நின்ற வாழ்க்கையை அறிந்தோர் சிலரே.

ஆங்கிலம் ஒருபொருட் பல்சொற்கள் மிகுந்த மொழி. அதற்கு வரலாறே காரணம். பழைய ஆங்கிலோ-சாக்சன் சொற்களின்மீது, 1066ஆம் ஆண்டு நார்மானியர் வெற்றிக்குப்பின் பிரெஞ்சுச் சொற்கள் வந்து படிந்தன. மறுமலர்ச்சிக் காலத்தில் இலத்தீனிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் அறிஞர்கள் நேரே கொணர்ந்த சொற்கள் அவற்றின்மேல் மூன்றாம் அடுக்காயின. அதனால் கேட்டல் என்னும் ஒரு செயலுக்கு 'ஆஸ்க்', 'கொஸ்டியன்', 'இன்டராகேட்' என மூன்று சொற்கள் உள்ளன. முதற்சொல் வீட்டில் புழங்குவது. இரண்டாவது ஐயத்தின் சாயல் உடையது. மூன்றாவது காவல் நிலையத்தையும் வழக்கு மன்றத்தையும் நினைவூட்டுவது. அரசனுக்குரியது என்பதைக் குறிக்கும் 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்' என்னும் மூன்றும் இத்தகையனவே. அரண்மனைக்கும் ஆணைக்கும் 'ராயல்' பொருந்தும். ஒருவருடைய நடையின் மிடுக்கைச் சொல்ல 'ரீகல்' ஏற்கும். பண்பைச் சொல்லக் 'கிங்லி' வரும். இடம் மாறினால் சொல் தன் மதிப்பை இழக்கும். இச்செல்வம் எழுதுவோனுக்கு வரமும் ஆகும், சுமையும் ஆகும்.

இளமையும் இழப்பும்

ரோஜே 1779 சனவரி 18ஆம் நாள் இலண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் பிறந்தார். தந்தை ழான் ரோஜே ஜெனீவாவைச் சேர்ந்தவர். இலண்டனில் வாழ்ந்த பிரெஞ்சுச் சீர்திருத்தக் கிறித்தவர்களின் திருச்சபையில் போதகராகப் பணியாற்றியவர். தாய் கேத்தரின், ரொமிலி குடும்பத்துப் பெண். அவருடைய உடன்பிறந்தாரான சாமுவேல் ரொமிலி பிற்காலத்தில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற வழக்கறிஞராகவும், சிறு குற்றங்களுக்கும் தூக்குத் தண்டனை விதித்த கொடுஞ்சட்டங்களைத் திருத்தப் போராடிய நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர்.

குழந்தைக்கு நான்கு வயதாகும்போது, 1783இல், தந்தை காசநோயால் மறைந்தார். கைம்பெண்ணான கேத்தரின் ஓரிடத்தில் நிலைத்து வாழவில்லை. மகனையும் கைக்குழந்தையான மகளையும் அழைத்துக்கொண்டு ஊர் ஊராக இடம்பெயர்ந்தார். அக்குடும்பத்தில் மனச்சோர்வு வழிவழியாகத் தொடர்ந்த நோயாக இருந்தது. தாயின் பிற்கால வாழ்வையும் அது கவ்வியது. நிலையான வீடும், நிலையான நண்பரும், தந்தையின் துணையும் இல்லாத அச்சிறுவன் பற்றிக்கொண்ட ஒன்று பட்டியல். எட்டு வயதிலேயே ஒரு குறிப்பேட்டில் இலத்தீன் சொற்களையும் அவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களையும் பொருள்வாரியாக வகுத்து எழுதத் தொடங்கினான். அகரவரிசையாக எழுதாமல் பொருள்வகையாக எழுதினான் என்பதே நினைவிற் கொள்ளத்தக்கது. உலகம் குழம்பிக் கிடந்தது. ஏட்டிலேனும் அது ஒழுங்குபட்டு நின்றது.

1793இல் தாய் அவரை எடின்பரோவுக்கு அழைத்துச் சென்றார். பதினான்காம் வயதில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த ரோஜே, 1798இல் பத்தொன்பதாம் வயதில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவ்வயதுடைய இளைஞரை நம்பித் தம் உடலை ஒப்படைக்க நோயாளிகள் முன்வருவது அரிது. எனவே அவர் சில ஆண்டுகள் பலரிடம் உதவியாளராக இருந்து கற்றார். பிரிஸ்டல் நகருக்கு அருகில், வாயுக்களைக் கொண்டு நோய் நீக்கும் முயற்சியில் தாமஸ் பெடோஸ் என்னும் மருத்துவர் ஈடுபட்டிருந்தார். இளைஞரான ஹம்ப்ரி டேவி அங்கு ஆய்வு நடத்தினார். சிரிப்பூட்டும் வாயு என வழங்கும் நைட்ரஸ் ஆக்சைடை முகர்ந்து பார்த்தவர்களுள் ரோஜேயும் ஒருவர். கவிஞர்கள் அவ்வின்பத்தைச் சொல்லச் சொல் தேடித் திகைத்தபோது, ரோஜே தமக்குத் தலைசுற்றலும் தடுமாற்றமும் ஏற்பட்டனவேயன்றி இன்பம் எதுவும் ஏற்படவில்லை என்று நேர்மையாகக் குறித்துக் கொடுத்தார். டேவி அதனைத் தம் 1800ஆம் ஆண்டு நூலில் சேர்த்தார். தம்மை இழப்பதில் ரோஜேக்கு என்றும் நாட்டம் இருந்ததில்லை.

அதே ஆண்டு, தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தம் உணவுப்பொருள்களைக் குளிரூட்டிக் கெடாமற் காக்கும் அறையொன்றை அமைக்க எண்ணியபோது அதற்கும் ரோஜே துணைபுரிந்தார். முயற்சி கைகூடவில்லை.

ஒரு பெயரால் கிடைத்த விடுதலை

1802இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே குறுகிய கால அமைதி நிலவியது. மான்செஸ்டர் பஞ்சாலை அதிபரான ஜான் பிலிப்ஸ் தம் இளம் புதல்வர் இருவரை ஐரோப்பியச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பை ரோஜேயிடம் ஒப்படைத்தார். பாரிசு நகரைக் கண்டு, தந்தையின் ஊராகிய ஜெனீவாவை அவர்கள் அடைந்தனர். 1803 மே மாதம் போர் மீண்டும் மூண்டது. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட நிலமெங்கும் உள்ள ஆங்கிலேய ஆடவரைச் சிறைப்படுத்துமாறு நெப்போலியன் ஆணையிட்டான். அன்று ஜெனீவா பிரான்சுடன் இணைக்கப்பட்டிருந்தது. நாட்டுக்குத் திரும்பும் வழி அடைபட்டது.

ஆங்கிலேயர் என்று எழுதப்பட்டால் சிறை. ஜெனீவாவினர் என்று எழுதப்பட்டால் விடுதலை. ஒரே மனிதருக்கு இரு பெயர்களும் பொருந்தும். எது ஏட்டில் ஏறுகிறது என்பதே அவருடைய வாழ்வைத் தீர்மானிப்பதாக இருந்தது. ரோஜே ஊர்ப் பதிவேடுகளைத் தேடித் தம் தந்தை ஜெனீவாக் குடிமகன் என்பதை நிறுவினார். தந்தை விட்டுச்சென்ற ஒரே சொத்து அந்தப் பெயர்தான் போலும். அச்சான்றினால் பயண அனுமதி பெற்று, எளிய உடையணிந்து, வழியில் ஆங்கிலம் பேசாது, சுவிட்சர்லாந்து வழியாகச் செருமானிய நிலப்பகுதிக்குள் சிறுவர்களுடன் கடந்து, அவ்வாண்டின் இறுதியில் இங்கிலாந்தை அடைந்தார். பின்னர்த் தம் நூலின் முன்னுரையில், பொருந்தாத ஒரு பெயர் மக்களின் எண்ணத்தையே திருப்பிவிடும் என்றும், தந்திரமான ஒரு முழக்கச்சொல் போரையே மூட்டவல்லது என்றும் எழுதினார். அதனை வெறும் ஏட்டறிவால் எழுதியதாகக் கொள்ளுதற்கில்லை.

மான்செஸ்டர் முதல் இலண்டன் வரை

1804இல் மான்செஸ்டர் மருத்துவமனையில் மருத்துவராகப் பொறுப்பேற்றார். தொழிற்புரட்சியின் புகையும் நெரிசலும் நோயும் சூழ்ந்த நகரம் அது. அங்கு அவர் உடலியல் குறித்துச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். 1806இல் தொடங்கப்பெற்ற போர்ட்டிகோ நூலகத்தின் முதற் செயலாளராகவும் விளங்கினார். இக்காலத்தில்தான், 1805ஆம் ஆண்டில், தம் எழுத்துக்கும் பேச்சுக்கும் உதவும் பொருட்டுச் சொற்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்திய சிறிய தொகுப்பொன்றைத் தமக்காகவே எழுதி முடித்தார். அச்சிடும் எண்ணம் அப்போது அவரிடம் இல்லை. ஏறத்தாழ நாற்பத்தேழு ஆண்டுகள் அக்கையெழுத்துப் படி அவருடைய மேசைத் துணையாகவே இருந்தது. உலகம் பின்னர்ப் பெற்ற கருவூலத்தை அதுவரை ஒருவர் மட்டுமே திறந்து பயன்கொண்டார்.

1808இல் இலண்டனுக்குக் குடிபெயர்ந்தார். ஏழைகளுக்கான மருந்தகமொன்றில் ஊதியம் பெறாமல் பல்லாண்டுகள் பணிபுரிந்தார். மருத்துவத்தோடு கணிதமும் ஒளியியலும் மின்னியலும் அவரை ஈர்த்தன. அடுக்குகளையும் மூலங்களையும் ஒரு சறுக்கில் கணக்கிட உதவும் புதுவகை நழுவு சட்டத்தை அவர் வடிவமைத்தார். அதனால் 1815இல் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1824இல், செங்குத்தான இடைவெளிகளின் ஊடே நோக்கும்போது உருளும் சக்கரத்தின் ஆரைகள் வளைந்து தோன்றும் காட்சி மயக்கத்தைப் பற்றிக் கட்டுரை வழங்கினார். திரைப்படக் கலையின் முன்வரலாற்றை எழுதுவோர் பலர் இக்கட்டுரையிலிருந்தே தொடங்குவது வழக்கமாயிற்று. அது மிகையான உரிமை என்று பிற்கால ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். எனினும் அசையும் உருவங்களைப் பற்றிய ஆய்வுக்கு அது ஒரு தூண்டுகோலாயிற்று என்பதில் ஐயமில்லை.

இவ்வாண்டுகளின் நடுவே பேரிடியொன்று விழுந்தது. தந்தைக்கு ஈடாக நின்று ரோஜேயைப் பேணியவர் மாமன் சாமுவேல் ரொமிலி. 1818 அக்டோபர் இறுதியில் ரொமிலியின் மனைவி நோயுற்று மறைந்தார். துயரத்தால் நிலைகுலைந்த மாமனை மருத்துவர் என்ற முறையில் உடனிருந்து காத்தவர் ரோஜே. ஆயினும் நவம்பர் 2ஆம் நாள், சற்றே தனித்திருந்த வேளையில் ரொமிலி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். விரைந்து வந்த ரோஜேயால் அவரைக் காப்பாற்ற இயலவில்லை. காக்கும் பொறுப்பில் இருந்தவரின் கண்முன் நேர்ந்த இழப்பு அது. அதன்பின் சில காலம் அவர் மருத்துவத் தொழிலையே விட்டு விலகி நின்றார்.

1824இல் லிவர்பூல் வணிகர் ஒருவரின் மகளான மேரி ஹாப்சனை மணந்தார். கேத்தரின், ஜான் லூயிஸ் என இரு மக்கள் பிறந்தனர். இல்வாழ்வின் இன்பம் ஒன்பது ஆண்டுகளே நீடித்தது. 1833இல் மேரி புற்றுநோயால் இறந்தார். இரு ஆண்டுகளில் தாயும் மறைந்தார். இத்துயரங்களைப் பற்றி ரோஜே வெளிப்படையாக எழுதிப் புலம்பியவர் அல்லர். மேலும் மேலும் பணியை ஏற்றுக்கொண்டார். 1827 முதல் 1848 வரை ராயல் கழகத்தின் செயலாளராக இருந்தார். இலண்டன் மாநகரின் குடிநீரை ஆராய அமைந்த ஆணைக்குழுவில், பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு, வேதியியலார் வில்லியம் பிராண்டு ஆகியோருடன் பணியாற்றி 1828இல் அறிக்கை அளித்தார். 1834இல் ராயல் நிறுவனத்தின் முதல் ஃபுல்லேரிய உடலியல் பேராசிரியரானார். அவ்வாண்டே விலங்கு, தாவர உடலியலைப் பற்றிய அவருடைய இருதொகுதிப் பெருநூல் பிரிட்ஜ்வாட்டர் வரிசையில் வெளிவந்தது. பரந்து கிடக்கும் உயிர்வகைகளைப் பிரிவு, இனம் என வகுத்துக் காணும் அப்பயிற்சி, பின்னர்ச் சொற்களை வகுப்பதற்கு அடித்தளமாயிற்று.

நீண்ட காலச் செயலாளர் பொறுப்பு கசப்பில் முடிந்தது. கழகத்தின் நடைமுறைகளைக் குறித்தும் பதக்கம் வழங்கியது குறித்தும் எழுந்த குற்றச்சாட்டுகள் அவரையும் சூழ்ந்தன. அறுபத்தொன்பதாம் வயதில் அப்பதவியிலிருந்து ஓய்வுபெற்றார். பலர் வாழ்க்கை அங்கே நிறைவுபெற்றிருக்கும். ரோஜேயின் புகழ் அங்கேதான் தொடங்கியது.

1852ஆம் ஆண்டின் நூல்

ஓய்வு கிடைத்ததும் பழைய கையெழுத்துப் படியை எடுத்தார். அது தம் தேவைக்குப் போதுமானதாக இருந்தது. பிறர்க்குப் போதாது என உணர்ந்தார். 1849 முதல் மூன்றாண்டுகளுக்கு மேல் இடைவிடாது உழைத்து அதனை விரித்தார். 1852இல் லாங்மன் பதிப்பகத்தார் அதனை வெளியிட்டனர்.

நூலின் அமைப்பு வியப்புக்குரியது. மனிதர் எண்ணக்கூடிய யாவற்றையும் ஆறு பெரும்பிரிவுகளாக அவர் வகுத்தார். அருவத் தொடர்புகள், இடம், பருப்பொருள், அறிவு, விருப்பாற்றல், உணர்வு என்பன அவை. அவற்றின்கீழ் உட்பிரிவுகளும், மொத்தத்தில் ஆயிரம் தலைப்புகளும் அமைந்தன. முதல் தலைப்பு இருப்பு. ஆயிரமாவது தலைப்பு கோயில். ஒவ்வொரு தலைப்பின்கீழும் பெயர், வினை, பெயரடை, வினையடை என்னும் முறையில் சொற்களும் தொடர்களும் நிரல்பட நின்றன. இயன்றவிடமெல்லாம் எதிரெதிர்க் கருத்துகள் பக்கத்தின் இரு பத்திகளிலும் நேருக்கு நேர் நிறுத்தப்பட்டன. இருப்புக்கு எதிரே இன்மை, நம்பிக்கைக்கு எதிரே நம்பிக்கையிழப்பு, அன்புக்கு எதிரே பகை. சொல்லை நினைவில் வைத்திருப்பவர் உரிய தலைப்பை அடைவதற்கு இறுதியில் அகரவரிசைச் சொல்லடைவும் தரப்பெற்றது.

இம்முறைக்கு முன்னோடிகள் இல்லாமல் இல்லை. 1668இல் ஜான் வில்கின்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் எல்லாக் கருத்துகளையும் வகைப்படுத்தி ஓர் உலகப் பொதுமொழியை உருவாக்க முயன்றார். ரோஜே அதனை அறிந்திருந்தார். தமிழ் வாசகர்க்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்றுண்டு. வடமொழியிலுள்ள அமரகோசத்தை 1808இல் கோல்புரூக்கு ஆங்கில உரையுடன் செராம்பூரில் வெளியிட்டிருந்தார். தம் முன்னுரையின் அடிக்குறிப்பில் ரோஜே அந்நூலைக் குறிப்பிடுகிறார். அருவக் கருத்துகளையும் மன இயல்புகளையும் வகுத்த பகுதிகள் அங்குக் குழம்பிக் கிடப்பதாக அவர் கருதினார். கடல், நிலம், ஊர், மரம், விலங்கு ஆகியவற்றை வகுத்த பகுதிகளில் ஒழுங்கு இருப்பதை ஒப்புக்கொண்டு, அத்துணைப் பழங்காலத்தில் அத்தகைய முயற்சி நிகழ்ந்ததைப் பாராட்டினார். தமிழில் திவாகரமும் பிங்கலமும் சூடாமணியும் இம்மரபில் வந்தவை என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒருபொருட் பல்பெயரையும் ஒருசொற் பல்பொருளையும் தனித்தனியே தொகுத்தவை அவை. திவாகரம் தெய்வப் பெயரில் தொடங்குகிறது. அமரகோசம் விண்ணுலகில் தொடங்குகிறது. ரோஜேயின் நூல் இருப்பு என்னும் வெறுங்கருத்தில் தொடங்கி, கோயிலில் சென்று முடிகிறது. ஒரு காலமும் ஒரு நாடும் உலகத்தை எங்கிருந்து எண்ணத் தொடங்குகின்றன என்பதை அவற்றின் சொற்றொகுதிகளே காட்டிவிடுகின்றன.

மற்றொரு வேறுபாடும் உண்டு. நிகண்டுகள் செய்யுளாய் அமைந்து மனப்பாடத்தில் வாழ்ந்தவை. கற்பவன் நெஞ்சிற் கொண்டு செல்பவை. ரோஜேயின் நூல் அச்சுக் காலத்தின் குழந்தை. மேசைமீதிருந்து வேண்டும்போது திறக்கப்படுவது. நெஞ்சில் உள்ள சொல் தானே எழுந்து வரும். ஏட்டில் உள்ள சொல்லை எடுப்பவனே எடுக்கவேண்டும். எடுக்கும் திறன் யாருடையது என்னும் வினா அங்கேதான் பிறக்கிறது.

தொகுத்தவரும் தேர்பவரும்

ரோஜேயின் நூலில் சொற்களுக்குப் பொருள் விளக்கம் இல்லை. நெருங்கிய பொருளுடைய சொற்களுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகளும் அதில் கூறப்படவில்லை. இது மறதியால் நேர்ந்த குறையன்று. அவ்வேறுபாடுகளை ஆராய்வது தனித்துறை என்றும், அதனைத் தம்மினும் வல்லவர் பலர் மேற்கொண்டுள்ளனர் என்றும், சொற்களின் பொருளைப் படிப்பவர் முன்பே அறிவர் எனத் தாம் கொள்வதாகவும் முன்னுரையில் அவர் விளக்கியுள்ளார். அவர் கூறியது உண்மையே. டாக்டர் ஜான்சனின் நெருங்கிய தோழியாயிருந்த ஹெஸ்டர் பியோட்சி 1794இலும், ஜார்ஜ் கிராப் 1816இலும் ஒருபொருட் பல்சொற்களைப் பிரித்து விளக்கும் நூல்களை ஆங்கிலத்தில் எழுதியிருந்தனர். அவர்கள் சொற்களை ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டினர். ரோஜே சேர்த்துக் காட்டினார். பிரித்தறியும் பொறுப்பைப் படிப்பவரிடம் விட்டார்.

முற்றிலும் விட்டுவிட்டார் என்றும் சொல்லிவிட முடியாது. தலைப்புகளை நிரல்படுத்திய முறையே ஓர் ஆசிரியரைப் போல் வழிகாட்டுகிறது. துணிவு என்னும் தலைப்பை அடுத்துக் கோழைமையும், அதனை அடுத்துக் கண்மூடித்துணிதலும், அதன் எதிரே முன்னெச்சரிக்கையும் நிற்கின்றன. ஒருவனைப் பாராட்டும் 'பிரேவ்' என்னும் சொல்லைத் தேடிச் சென்றவன், பழிக்கும் 'ரேஷ்' என்னும் சொல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதைக் காண்கிறான். ஒரே செயலைச் செய்த இருவருள் ஒருவனை வீரன் என்றும் மற்றவனை மூடன் என்றும் எழுதும் கை, அந்த ஒரு பத்தித் தொலைவைத்தான் கடக்கிறது. சொல்லைத் தேர்வது என்பது மனிதரைத் தீர்ப்பிடுவதாகவும் ஆகிவிடும் என்பதை அப்பக்கம் சொல்லாமற் சொல்கிறது.

இருப்பினும் ஐயம் அன்றே எழுந்தது. சொற்களை இப்படிக் குவித்து வைத்தால், எண்ணாமல் எழுதுவோர் பெருகுவர் என்று அமெரிக்கத் திறனாய்வாளர் சிலர் கருதினர். 1854இல் பாஸ்டன் நகரில் அமெரிக்கப் பதிப்பை வெளியிட்ட பார்னஸ் சியர்ஸ், தாழ்ந்த வழக்குகளென்று தாம் கருதியவற்றை நீக்கிவிட்டார். எதிர்ப்பு எழுந்ததால் பின்னர் அவை பிற்சேர்க்கையாக இடம்பெற்றன. ரோஜேயோ பேச்சு வழக்கையும் அயன்மொழித் தொடரையும் ஒதுக்காமல் ஏற்றவர். எச்சொல்லும் எங்கேனும் ஒருநாள் தேவைப்படும் என்பது அவர் கொள்கை. எழுத்தாளர் சைமன் வின்செஸ்டர் 2001இல் எழுதிய கட்டுரையிலும் அதே பழைய ஐயம் கடுமையாக ஒலித்தது. பொருளை விளக்காத நூல், சோம்பலுடையோர்க்குக் கைக்கோலாகிவிட்டது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

இக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமல் இல்லை. மெலிந்த உடலைக் குறிக்கும் 'தின்', 'ஸ்லெண்டர்', 'ஸ்கின்னி' என்னும் மூன்றும் ஒரே குவியலில் கிடக்கும்போது, அவற்றுள் இரண்டாவது புகழ்ச்சி என்றும் மூன்றாவது இகழ்ச்சி என்றும் அறியாத மாணவன் விருந்தினரை அவமதித்துவிடக் கூடும். அரிய சொல்லே அழகிய சொல் என்று மயங்கி, எளிய சொல் நின்ற இடத்தில் முரட்டுச் சொல்லை நிறுத்துவோரும் உண்டு. ஆனால் கருவூலத்தைக் கண்டவன் அணிகள் அனைத்தையும் ஒருங்கே பூண்டு தெருவில் நடந்தால் அது கருவூலத்தின் பிழையாகாது. ரோஜே தம் நூலை எழுதியது மறந்த சொல்லை நினைவூட்டவே. அறியாத சொல்லைக் கற்பிப்பதற்கன்று. கண்டவுடன் இதுதான் என்று அறிந்துகொள்ளும் உள்ளத்துக்கே அது பயன்படும். அவ்வுள்ளத்தைப் படிப்பும் பழக்கமும் தரவேண்டும். எந்தத் தொகுப்பும் தராது.

மறைவும் மரபும்

நூல் வெளிவந்த மறு ஆண்டே இரண்டாம் பதிப்பு வந்தது. பின்னர்ப் பதிப்புகள் தொடர்ந்தன. முதுமையிலும் ரோஜே திருத்தங்களையும் சேர்க்கைகளையும் தம் படியில் எழுதிக்கொண்டேயிருந்தார். 1869 செப்டம்பர் 12ஆம் நாள், மேற்கு மால்வெர்னில் ஓய்வுக்காகத் தங்கியிருந்தபோது, தொண்ணூறாம் வயதில் காலமானார். அவ்வூர்ப் புனித யாக்கோபு ஆலயக் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.

தந்தை குறித்து வைத்த சேர்க்கைகளைக் கொண்டு மகன் ஜான் லூயிஸ் 1879இல் விரிவான பதிப்பை வெளியிட்டு, சொல்லடைவையும் பெருக்கினார். அவருக்குப்பின் பேரன் சாமுவேல் ரொமிலி ரோஜே அப்பணியை ஏற்றார். காப்பாற்ற இயலாமற்போன மாமனின் பெயரே அப்பேரனுக்கு அமைந்தது. மூன்று தலைமுறைகள் ஒரு நூலைப் பேணின. இருபதாம் நூற்றாண்டில் குறுக்கெழுத்துப் போட்டி பரவியபோது அந்நூலின் விற்பனையும் பெருகியது. ஜே.எம். பாரி தம் 'பீட்டர் பான்' நாடகத்தில் கொடியவனான கப்பல் தலைவனின் அறையில் ஒரு தெசாரஸை வைத்து, அவன் முற்றிலும் தீயவனல்லன் என்பதற்கு அதனையே சான்றாக்கினார். கிளாஸ்கோ பல்கலைக்கழக அறிஞர்கள் 1965இல் தொடங்கி 2009இல் வெளியிட்ட ஆங்கில வரலாற்றுச் சொற்கருவூலமும், பொருள்வழியே சொற்களை வகுக்கும் நெறியில் வந்ததே. இன்று கணினியில் எழுதுவோர்க்கு ஒரு சொல்லைச் சுட்டியவுடன் ஒத்த சொற்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. அவ்வரிசையில் எதிர்ச்சொல் அருகே நிற்பதில்லை. அண்டைக் கருத்துகளும் தெரிவதில்லை. ரோஜே அமைத்த ஊர் மறைந்து, வீட்டெண்கள் மட்டும் எஞ்சியதைப் போன்றது அது.

தந்தையை நான்கு வயதிலும், மாமனை நடுவயதிலும், மனைவியை அதன்பின்னும் இழந்த ஒருவர், வாழ்நாள் முழுவதும் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்: சிதறிக் கிடந்தவற்றை அவற்றின் இனத்தோடு சேர்த்து வைத்தார். துயரத்துக்குரிய சொற்கள் அவருடைய நூலில் நீண்ட பத்திகளாக உள்ளன. அவற்றுள் எது தமக்குரியது என்று அவர் எங்கும் எழுதவில்லை. அத்தேர்வைப் படிப்பவர்க்கு விட்டுச் சென்றார். ஒத்த பொருளுடைய இரு சொற்களுக்கிடையே தயங்கி நின்று, உண்மைக்கு ஒரு மயிரிழை அருகில் நிற்பதை எடுக்கும் ஒவ்வொருவரும், அந்த முதிய மருத்துவர் ஒப்படைத்துச் சென்ற பணியையே நிறைவேற்றுகின்றனர்.